புறக்கோட்டைக் கட்டடங்கள் – 7: சாயிபு லெப்பை எழுப்பிய பள்ளி

கொழும்புத் துறைமுகத்தை நெருங்கிய கப்பல்காரர்கள் ஒரு காலத்தில் இரண்டாம் குறுக்குத் தெருப் பள்ளிவாசலின் மினாராக்களைக் கண்டுதான் கரை வந்துவிட்டதென்று அறிந்தார்கள் எனப் புறக்கோட்டையில் சொல்வதுண்டு. கோட்டைப் பகுதியில் இந்தப் பள்ளிக்கு வெகு முன்பே வெளிச்சவீடு எரியத் தொடங்கிவிட்டதால், அந்தப் பேச்சில் கொஞ்சம் ஊர்ப்பெருமையும் கலந்திருக்கலாம். ஆனாலும் ஓட்டுக்கூரைக் கடைகளும் கிட்டங்கிகளுமாகத் தாழக் கிடந்த அன்றைய புறக்கோட்டைக்கு மேலே, சிவப்பும் வெள்ளையுமாக அத்தனை கோபுரங்கள் எழுந்து நின்றால் கடலில் வருகிறவன் கண்ணில் படாமலா இருந்திருக்கும்?

ஜாமிஉல் அல்ஃபார் என்பது பள்ளிவாசலின் முறையான பெயர். சம்மாங்கோட்டுப் பள்ளி என்றால்தான் தமிழ் பேசுகிறவர்களுக்குச் சட்டெனப் புரியும். சிங்களவருக்கு அது ‘ரத்து பள்ளிய’. தென்னிந்தியாவிலிருந்து வந்து இங்கே கடை போட்டிருந்த முஸ்லிம் வியாபாரிகள், ஐவேளைத் தொழுகைக்கும் ஜும்ஆவுக்கும் தங்களுக்கென ஓர் இடம் வேண்டுமென்று கட்டுவித்தது இது. 1908இல் வேலை தொடங்கியது, 1909இல் முடிந்தது. அப்போது தொழ வந்தவர்கள் ஏறக்குறைய 500 பேர்தான். பள்ளியைக் கட்டியதோ 1,500 பேருக்கு. நாளைக்கு வரப்போகிறவர்களையும் எண்ணிக் கைப்பணத்தை இறக்கிய அந்த மனசை நான் மிகவும் மதிக்கிறேன்.

வேலையை அவர்கள் ஒப்படைத்தது ஹபீபு லெப்பை சாயிபு லெப்பையிடம். அவர் கட்டடக்கலை படித்துப் பட்டம் பெற்றவரல்லர். வியாபாரிகள் தாங்கள் விரும்பிய இந்தோ-சாரசெனிக் கட்டடங்களின் படங்களையும் விவரங்களையும் தந்தார்கள். அவற்றை வைத்துக்கொண்டு அவரே வரைந்து, அவரே கட்டினார்.

அந்தப் பாணி அப்போது தென்னிந்தியாவில் உச்சத்தில் இருந்தது. முகலாயக் குவிமாடம், இந்தியச் சிற்ப வேலைப்பாடு, ஐரோப்பிய கோதிக் வளைவு எல்லாவற்றையும் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்கள் ஒன்றாகக் கலந்து உருவாக்கியது அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை ராபர்ட் சிஸோம் 1879இல் முடித்தார். சென்னை உயர்நீதிமன்றம் 1892இல் திறக்கப்பட்டது. அந்த நீதிமன்றத்தின் உயர்ந்த கோபுரத்தின் மேலேயே 1894 முதல் கலங்கரை விளக்கு எரிந்தது. அவை இரண்டும் அரசாங்கப் பணத்தில், அரசாங்கத்தின் கட்டடக் கலைஞர்கள் எழுப்பியவை.

இன்னொரு பள்ளிவாசலையும் இங்கே சொல்ல வேண்டும். கோலாலம்பூரின் ஜாமிக் பள்ளிவாசலும் இதே 1908இல் தொடங்கி 1909இல் முடிந்ததுதான். அதிலும் செங்கல் சிவப்பும் வெள்ளைப் பட்டையும். இரண்டையும் அருகருகே படத்தில் வைத்துப் பார்த்தால் கூடப்பிறந்தவை என்றே சொல்வீர்கள். அதை வரைந்த ஆர்தர் பெனிசன் ஹப்பக் முறையாகப் பயின்ற கட்டடக் கலைஞர், மலாயா அரசாங்கச் சேவையில் இருந்தவர். அவருக்குக் கிடைத்த நிலமும் இரண்டு ஆறுகள் கூடும் முனை. தள்ளி நின்று முழுவதையும் ஒரே பார்வையில் அள்ளிக்கொள்ளலாம்.

சாயிபு லெப்பைக்குக் கிடைத்தது ஒரு குறுக்குத் தெரு. முற்றம் கிடையாது, தோட்டம் கிடையாது. எதிர்ச் சாரிக் கடையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் முகப்பு முழுதாகக் கண்ணுக்குள் அடங்காது. நின்று பார்க்கவும் நாட்டாமிகளின் கைவண்டிகள் விடமாட்டா. அவர் தெருவை அறிந்தே கட்டியிருக்கிறார் என்பது என் துணிபு. முகப்பில் எங்கே பார்த்தாலும் கண்ணுக்கு வேலை இருக்கிறது. சுவரில் கிடையாக ஓடும் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் தூணுக்கு வந்ததும் முறுக்கிக்கொண்டு மேலே ஏறுகின்றன. வளைவுகளில் ஒரு கல் சிவப்பு, ஒரு கல் வெள்ளை. இடையிடையே கட்டமும் நெளிகோடும். நடந்துபோகிறவன் ஒரு சமயத்தில் ஒரு துண்டைத்தான் காண்பான். அந்தத் துண்டே அவனை நிறுத்தப் போதும். உச்சியில் மணிக்கூட்டுக் கோபுரமும் மாதுளம்பழம் போன்ற குவிமாடங்களும் நெருங்கி நிற்கின்றன. அகலம் இல்லாத இடத்தில் உயரத்தை நம்பியிருக்கிறார்.

வளைவில் நிறம் மாற்றி அடுக்கும் வழக்கம் மிகப் பழையது. ஸ்பெயினின் கோர்டோபாப் பெரிய பள்ளிவாசலில் எட்டாம் நூற்றாண்டிலேயே அதைக் காணலாம். ஆனால் சாயிபு லெப்பை யாரையும் அப்படியே பார்த்து எழுதவில்லை. இவ்வளவு துணிச்சலாக, ஓரிடம் விடாமல் நிறத்தை வாரியிறைத்த முகப்பைச் சென்னையிலும் காட்ட முடியாது, கோலாலம்பூரிலும் காட்ட முடியாது. ஹப்பக்கின் பெயர் மலேசியக் கட்டடக்கலை வரலாற்றில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. சாயிபு லெப்பையின் பெயரோ, பள்ளிக்கு முன்னால் தினமும் படம் எடுத்துக்கொள்ளும் வெளிநாட்டவர்களுக்கு மட்டுமல்ல, இதே தெருவில் கடை வைத்திருக்கும் பலருக்கும் தெரிவதில்லை. கொழும்பின் தலைசிறந்த கட்டடங்களைப் பட்டியலிடும்போது இந்தப் பெயரை விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

1,500 பேருக்கான இடமும் ஒரு காலத்தில் போதாமல் போனது. 1975இல் ஹாஜி உமர் அறக்கட்டளையின் உதவியோடு பக்கத்துக் காணிகளை வாங்கி, 10,000 பேர் தொழக்கூடிய அளவுக்கு விரிவாக்கும் வேலையைத் தொடங்கினார்கள். பழைய முகப்பில் கை வைக்காமல் புதியதைச் சேர்த்தார்கள் என்பதற்காக அந்த நிர்வாகிகளுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் அத்தனை தளங்களும் நிறைந்துவிடுகின்றன.

கட்டடங்களால் கொழும்பில் தடம் பதித்தவர் சாயிபு லெப்பை ஒருவர் மட்டுமல்லர். அவர் இந்தப் பள்ளியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, இதே கொழும்பில் எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார் அரசி மரைக்கார் வாப்புச்சி மரைக்கார். புறக்கோட்டையின் பழைய நகர மண்டபமும் கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலையும் அவர் கட்டியவை. 1877இல் நூதனசாலை திறந்தபோது, என்ன வெகுமதி வேண்டுமென்று ஆளுநர் கேட்டதற்கு அவர் பணமோ பட்டமோ கேட்கவில்லையாம். அவர் என்ன கேட்டார் என்பது அடுத்த வாரம்.