போனுக்குள் ஒரு மூளை
ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, போனில் ஒரு கருவின் மூளையைப் பார்த்தேன். சென்னை ஐஐடி 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’. மொத்தம் 5,132 மூளைச் சீவல்கள். செல் வரைக்கும் பெரிதாக்கிப் பார்க்கலாம். இவ்வளவு பெரிசு எப்படிங்க போனுக்குள்ள வரும்?

முழுசா வருவதில்லை. இந்த மாதிரிப் படங்களைப் பல அளவுகளில் தயாரித்து, ஒவ்வொன்றையும் சின்னச் சதுரங்களாக வெட்டி வைப்பார்கள். நாம் பார்க்கும் இடத்துச் சதுரங்கள் மட்டும் வந்து சேரும்.

படத்தை இளைக்க வைக்கும் ஜேபெக் முறைக்கு வேர் நம்ம பக்கமும் இருக்கிறது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டிசிடி என்ற கணக்கு முறைக்காக 1972இல் அமெரிக்காவில் ஆராய்ச்சி நிதி கேட்டார். கிடைக்கவில்லை. மனுஷன் விடலை. டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டார். அந்தக் கணக்கின் மேல்தான் 1992இல் ஜேபெக் தரம் வந்தது. கண் கவனிக்காத நுணுக்கங்களை அது கழித்துவிடும்.

ஆபத்தும் அங்கேதான். கழித்த ஒரு புள்ளி நோயின் முதல் அடையாளமாக இருந்தால்? ஸ்டான்லி மாணவர் பஸ்ஸில் படிக்க இளைத்த படம் போதும். நோயைக் கணிக்க உட்காரும் டாக்டருக்கு நோயின் அடையாளம் கழியாத படம் வேணும்.