புற்றுநோய்ப் பணத்துக்குக் கணக்குக் கேட்ட மக்கள்

புற்றுநோய் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல அஞ்சி, "அந்த வருத்தம்" என்று தாழ்ந்த குரலிற் குறிப்பிடும் வழக்கம் எம்மவர் வீடுகளில் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. இது எமக்கே உரிய பழக்கம் என்று எவரும் கருத வேண்டியதில்லை. 1950களின் தொடக்கத்தில் நியூயோர்க் நகரில், மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுக்கான ஆதரவுக் குழுவொன்றைப் பற்றி விளம்பரம் செய்ய முயன்ற பெண்மணி ஒருவரிடம், அந்நகரின் பெரும் பத்திரிகையொன்று அவ்விரு சொற்களையும் அச்சிட இயலாது எனக் கூறி, "நெஞ்சுச் சுவரின் நோய்கள்" என்று போடலாமா எனக் கேட்டதாகச் சொல்வர். பெயரைச் சொல்லவே கூசிய அந்த அமெரிக்காவில்தான், புற்றுநோய் ஆய்வுக்கு அரசாங்கம் எவ்வளவு செலவிடப் போகிறது, எதற்கு முதலிடம் தரப் போகிறது என்பதைப் பொதுமக்கள் அறியும் உரிமை படிப்படியாக உருவாயிற்று.

தொடக்கம் அத்துணை சிறப்பானதன்று. 1927ஆம் ஆண்டில் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் செனற்றர் மத்தியூ நீலி, புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பவருக்கு 50 இலட்சம் டொலர் பரிசளிக்க வேண்டும் என்று சட்டமூலம் கொண்டுவந்தார். வந்து குவிந்தவை பெரும்பாலும் போலி வைத்தியர்களின் கடிதங்களே. அடுத்த ஆண்டு அவர் பரிசை விடுத்து ஆய்வுக்குப் பணம் கேட்டார். செனற் சபை இசைந்தது. பிரதிநிதிகள் சபையில் அது மடிந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் நீலியும் தோற்றார். பின்னர் 1937 ஆகஸ்ட் 5ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் கையொப்பமிட்ட சட்டத்தினால் தேசிய புற்றுநோய் நிறுவனம் பிறந்தது. ஆண்டுக்கு 7 இலட்சம் டொலர் வரை அதற்கு அனுமதிக்கப்பட்டது. ஆலோசனை கூற ஆறு அறிஞர்கள் அமர்த்தப்பட்டனர். நோயுற்றவருக்கோ, அவரைப் பராமரித்த குடும்பத்தவருக்கோ அங்கு ஆசனம் இருக்கவில்லை.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதலிற் குறிப்பிட வேண்டியவர் மேரி லாஸ்கர் அம்மையார். விளம்பரத் துறையிற் பெருஞ் செல்வம் ஈட்டிய அல்பேர்ட் லாஸ்கரின் மனைவி அவர். கணவரும் 1952இற் புற்றுநோயினாலேயே இறந்தார். சவர்க்காரம் விற்கும் உத்தியினால் ஓர் ஆய்வுக்கும் ஆதரவு திரட்டலாம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். 1969 டிசெம்பர் 9ஆம் நாள் வோஷிங்டன் போஸ்ட், நியூயோர்க் ரைம்ஸ் ஆகிய பத்திரிகைகளில் அவருடைய குழுவினர் முழுப் பக்க விளம்பரம் வெளியிட்டனர். ஜனாதிபதி நிக்சனைப் பெயர் சொல்லி விளித்த அவ்விளம்பரம், முந்திய ஆண்டில் 318,000க்கு மேற்பட்ட அமெரிக்கர் இந்நோயால் மாண்டதைச் சுட்டிக்காட்டியது.

1971 ஜனவரியில் நிக்சன் மேலதிகமாக 10 கோடி டொலர் கேட்டார். செனற்றர் எட்வேர்ட் கென்னடியோ, நிறுவனத்தைத் தேசிய சுகாதார நிறுவகங்களிலிருந்து பிரித்துத் தனி அதிகார சபையாக்கும் சட்டமூலத்தை முன்னெடுத்தார். ஏப்ரல் 20ஆம் நாள், குடும்பச் சிக்கல்களுக்கு ஆலோசனை கூறும் பத்தி எழுத்தாளரான ஆன் லாண்டர்ஸ், அச்சட்டமூலத்தை ஆதரித்துத் தத்தம் செனற்றருக்கு எழுதுமாறு வாசகரைக் கேட்டுக்கொண்டார். இலட்சக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. ஜூலையில் செனற் சபை 79க்கு 1 என்ற வாக்குகளால் அதனை ஏற்றது. எதிர்த்து நின்ற ஒருவர் விஸ்கொன்சின் மாநிலத்தின் கேலோட் நெல்சன். புற்றுநோய்க்கு மட்டும் தனி வழி அமைத்தால் ஏனைய ஆய்வுகள் நலியும் என்று விஞ்ஞானிகள் பலரும் அஞ்சினர். அது வீண் அச்சம் என்று தள்ளிவிடத் தக்கதன்று. பிரதிநிதிகள் சபையில் போல் றோஜர்ஸ் என்பவர் அக்கட்சியின் வாதங்களுக்குச் செவிசாய்த்தார்.

இரு தரப்பும் விட்டுக்கொடுத்ததன் விளைவாகப் பிறந்ததே 1971 டிசெம்பர் 23ஆம் நாள் கையொப்பமான தேசிய புற்றுநோய்ச் சட்டம். நிறுவனம் பழைய கூரையின் கீழேயே இருந்தது. ஆனால் அதற்கென ஒரு தனி வாயில் திறக்கப்பட்டது. வழமையாக ஓர் அரசாங்கத் திணைக்களம் தனக்கு வேண்டிய பணத்தை மேலதிகாரியிடம் கேட்கும், அவர் குறைப்பார், அவருக்கு மேலுள்ளவர் மேலும் குறைப்பார். இறுதியில் வெளிவரும் தொகையைத்தான் உலகம் காணும். முதலிற் கேட்டது எவ்வளவு, எதற்காக என்பது எவருக்கும் தெரியாது. புதிய சட்டமோ, புற்றுநோய் நிறுவனத்தின் பணிப்பாளர் தமது மதிப்பீட்டை நேரே ஜனாதிபதிக்கு அனுப்பலாம் என்றும், இடையிலுள்ளோர் கருத்துக் கூறலாமேயன்றி ஓர் எழுத்தையும் மாற்றலாகாது என்றும் விதித்தது. "புறவழி மதிப்பீடு" என்று பெயர் பெற்ற அவ்வறிக்கை, எந்த ஆய்வுக்கு ஏன் முதலிடம் என்ற விளக்கத்துடன் ஆண்டுதோறும் அச்சாகி, எவரும் படிக்கக் கிடைக்கிறது. தம்மைப் பற்றிய கோப்பில் எந்த அதிகாரி என்ன எழுதினார் என்று அறியாமலே ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் எம்மவருக்கு, இவ்வேற்பாட்டின் அருமையை விளக்கத் தேவையில்லை.

அதே சட்டம், ஜனாதிபதி நியமிக்கும் 18 பேர் கொண்ட ஆலோசனைச் சபையில் பொதுமக்களுக்கும் இடங்களை ஒதுக்கியது. 1972இல் வந்த இன்னொரு சட்டம், அரசாங்க ஆலோசனைக் குழுக்களின் கூட்டங்களை முன்னறிவித்து, பொதுமக்கள் முன்னிலையில் நடத்த வேண்டும் என்றது. தனிப்பட்ட ஆய்வாளரின் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது போன்ற சந்தர்ப்பங்களிற் கதவை மூடலாம்.

கதவு திறந்தாலும் உள்ளே போக ஆள் வேண்டுமே. மேரிலண்டைச் சேர்ந்த பத்திரிகையாளர் றோஸ் குஷ்னர் அவ்வாறு போனவர். 1974இல் தமக்கு மார்பகப் புற்றுநோய் என்று அறிந்த அவர், அக்காலத்து வழக்கத்தை எதிர்த்தார். பரிசோதனைக்கு என்று மயக்கமருந்து கொடுப்பர். பெண் கண் விழிக்கும்போது மார்பகமே இராது. அவளிடம் ஒரு சொல் கேட்பதில்லை. சத்திரசிகிச்சை நிபுணர்களின் கூட்டமொன்றிற் பேச எழுந்த குஷ்னரைக் கூச்சலிட்டு இறக்கினர். ஆயினும் 1979இல் அரசாங்கம் கூட்டிய நிபுணர் மாநாட்டுக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. பரிசோதனையையும் சத்திரசிகிச்சையையும் இரு வேறு நாட்களில் வைக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. 1980இல் ஜனாதிபதி கார்ட்டர் அவரைத் தேசிய ஆலோசனைச் சபைக்கு நியமித்தார்.

குஷ்னர் 1990இல் மறைந்தார். மறு ஆண்டே பெண்கள் அமைப்புகள் பல இணைந்து தேசிய மார்பகப் புற்றுநோய்க் கூட்டணியை நிறுவின. அவர்களது வற்புறுத்தலால், 1992இல் காங்கிரஸ் 21 கோடி டொலரை ஒதுக்கியது. ஒதுக்கிய இடந்தான் வியப்பு: பாதுகாப்பு அமைச்சின் நிதி! உள்நாட்டுச் செலவுக்கும் இராணுவச் செலவுக்கும் இடையே சட்டம் எழுப்பியிருந்த சுவரைக் கடக்க, செனற்றர் ரொம் ஹார்க்கின் கண்ட வழி அது. இராணுவத்தின் செலவே தம் வீட்டை அழிக்கக் கண்ட எம்மவர் இச்செய்தியைச் சற்று நின்று வாசிக்கலாம். இராணுவம் நடத்திய அத்திட்டத்திலே, ஆய்வு விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களில் நோயிலிருந்து மீண்ட பெண்கள் விஞ்ஞானிகளுக்குச் சமமாக அமர்ந்து வாக்களித்தனர். 1993இல் 26 இலட்சம் கையொப்பங்களைத் திரட்டி ஜனாதிபதி கிளின்ரனிடம் கையளித்ததும் அக்கூட்டணியே.

இதிலே ஒரு குறையும் உண்டு. மீண்டெழுந்து குரல் கொடுக்கப் பலர் இருக்கும் நோய்க்கே பணம் எளிதில் வந்து சேர்கிறது. கணையப் புற்றுநோய் கண்டவருட் பெரும்பாலோர் மனு எழுதும் காலம் வரை உயிரோடு இருப்பதில்லை. நுரையீரற் புற்றுநோயாளரோ, புகைத்ததன் பலன் என்ற பழிக்கு அஞ்சி வாய் திறப்பதில்லை. உயிர்ப்பலியின் அளவுக்கேற்ப அந்நோய்களுக்குப் பணம் கிடைப்பதில்லை என்பதும், யாரும் பார்க்கக்கூடிய கணக்கு இருப்பதாலேயே தெரிய வந்தது.

அக்கணக்கு அண்மையில் எவ்வாறு பயன்பட்டது என்பதையும் காண்போம். 2024ஆம் நிதியாண்டுக்கு நிறுவனம் புறவழி மதிப்பீட்டிற் கேட்டது ஏறத்தாழ 999 கோடி டொலர். காங்கிரஸ் வழங்கியது ஏறத்தாழ 722 கோடி. 2025இல் வெள்ளை மாளிகை, அடுத்த நிதியாண்டுக்கு அதனை ஏறத்தாழ 453 கோடியாகக் குறைக்க முன்மொழிந்தது. எவ்வளவு வெட்டு என்பதை நோயாளர் சங்கங்கள் அரசாங்கத்தின் சொந்தத் தாள்களிலிருந்தே எடுத்துக் காட்டின. ஜூலை மாதத்தில் செனற் சபையின் நிதி ஒதுக்கீட்டுக் குழு அவ்வெட்டை ஏற்க மறுத்து, முன்னிருந்த தொகைக்கு மேலும் 15 கோடி டொலர் சேர்க்குமாறு பரிந்துரைத்தது.