சில்லுக்குள் ஒரு பூட்டு

ராஸ்பெரி பை என்றதும், பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தர வந்த மலிவுக் கணினி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் அந்தப் பலகையின் கதையை நான் வேறு பக்கமிருந்து படிக்கிறேன். அது முதலில் ஒரு வீடியோ சில்லு. கணினி அதில் ஒட்டிக்கொண்டு வந்தது.

2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் முதல் மாடல் பி வந்தது. உள்ளே பிராட்காமின் பிசிஎம்2835. அதன் ஆர்ம் பிராசஸர் 700 மெகாஹெர்ட்ஸ், அன்றைக்கே பழசு. நினைவகம் 256 எம்பி. முழு எச்டி படத்தை அந்த பிராசஸரிடம் மட்டும் கொடுத்தால் திக்கித் திணறி நின்றுவிடும். அதே சில்லில் வீடியோகோர் 4 என்ற கிராபிக்ஸ் பகுதியும் இருந்தது. கேம்பிரிட்ஜில் ஆல்பாமொசைக் என்ற சிறு நிறுவனம் தொடங்கிவைத்த வடிவமைப்பின் வாரிசு அது. அந்த நிறுவனத்தை 2004இல் பிராட்காம் வாங்கியது. எச்.264 முறையில் சுருக்கிய 1080பி வீடியோவை நொடிக்கு 30 சட்டகங்கள் என்று இந்தப் பகுதி அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும்.

வேடிக்கை என்னவென்றால், மின்சாரம் வந்ததும் முதலில் கண்விழிப்பது ஆர்ம் இல்லை, வீடியோகோர்தான். எஸ்டி கார்டிலிருந்து தன் ஃபர்ம்வேரை ஏற்றிக்கொண்டு, அப்புறம்தான் ஆர்மை எழுப்பும். வீட்டுக்காரர் யார், குடித்தனக்காரர் யார் என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது இல்லையா? அந்த ஃபர்ம்வேரோ மூடிய பெட்டி.

இங்கேதான் பூட்டு வருகிறது. எச்.264க்கான உரிமத்தொகை பலகையின் விலையிலேயே அடங்கியிருந்தது. டிவிடிகளில் உள்ள எம்பெக்-2க்கு அப்படி இல்லை. 2012 ஆகஸ்டில் அதற்கு 2.40 பவுண்டுக்கு ஒரு சாவி விற்க ஆரம்பித்தார்கள். விசி-1க்கு 1.20 பவுண்டு. உங்கள் பலகையின் சீரியல் எண்ணுக்கு மட்டுமே பொருந்தும் சாவி. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் டிவிடி படம் ஓடும். சில்லில் ஓர் அணுகூட மாறவில்லை. திறமை முன்பே உள்ளேதான் இருந்தது.

இதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். காப்புரிமைக்காரர்களுக்குப் பணம் கட்டியாக வேண்டும். எல்லார் தலையிலும் அதைச் சுமத்தினால், டிவிடியே போடாத பள்ளிக்கூடப் பிள்ளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். கணக்கு நியாயமானது. ஆனாலும் கேள்வி போகவில்லை: காசு கொடுத்து வாங்கிய பொருளில் எதுவரை நம்முடையது?

ஆல்வின்னர் சில்லு வைத்த மலிவுப் பலகைகளில் இந்தக் கேள்விக்கு வேறு விதமாகப் பதில் தேடினார்கள். நிறுவனம் தந்த மூடிய நிரலைத் துருவிப் பார்த்து, வீடியோ பகுதி எப்படி வேலை செய்கிறது என்று லினக்ஸ்-சன்ஷி சமூகத்துத் தன்னார்வலர்கள் எழுதிவைத்தார்கள். 2018இல் பிரான்சின் பூட்லின் நிறுவனம் பொதுமக்களிடம் நிதி திரட்டி அந்த வேலையை மேலே கொண்டுபோனது. அந்த ஆண்டுக் கடைசியில் செட்ரஸ் என்ற டிரைவர் லினக்ஸ் 4.20க்குள் நுழைந்தது. அதற்குச் சாவி கிடையாது.

பை 4இல் எச்இவிசி முறையின் 4கே வீடியோவுக்குத் தனி வன்பொருள் வந்தது. 2023இல் பை 5 வந்தபோது, எந்த எச்.264ஐக் காட்டி முதல் பலகை பெயர் வாங்கியதோ, அதற்கான டிகோடரையே எடுத்துவிட்டார்கள். இப்போதுள்ள பிராசஸரே அதை ஓட்டிவிடும்.

ஆக, சாவிக்காரரும் பூட்டை உடைத்தவரும் ஒருபக்கம் இருக்க, பூட்டுப்போட்ட அறையே தேவையற்றுப் போனது. எனக்கு மிச்சமாகத் தெரிவது ஒன்றுதான். நிறுவனம் கைவிட்ட பழைய ஆல்வின்னர் பலகையையும் நாளைக்கு ஒருவர் தூசி தட்டி எடுக்கலாம். அதற்கு வேண்டியதை யாரோ சம்பளமில்லாமல் எழுதிவைத்திருக்கிறார்கள்.