தீர்மான நோட்டு யார் கையில்?

கணினித் துறையின் தன்னார்வக் குழுக்களில் பெண்கள் ஏன் அரிதாகவே காணப்படுகிறார்கள் என்ற கேள்வியின் வரலாற்றை எழுதுவோர் அதை 1990களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்குவது வழக்கம். ஓய்வு நேரமோ, பயண வசதியோ, நாலு பேர் நடுவே பேசிய பழக்கமோ இல்லாத ஒருத்தி, ஊதியமில்லாமல் கூடும் ஓர் அமைப்புக்குள் எப்படி நுழைந்து நிலைக்க முடியும் என்பதே அக்கேள்வியின் உட்கரு என்று கொண்டால், அதற்குப் பத்தாண்டு முந்திய தொடக்கம் ஒன்று தருமபுரி மாவட்டத்தில் உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் முகமைகளுள் ஒன்றான பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, 1983இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989இல் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதலில் கால் வைத்தது இம்மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியாத அந்நாளில் ஓசூர் வரை நீண்டிருந்த பெருமாவட்டம் அது. அதன் நடுப்பகுதியில், சேலத்திலிருந்து பெங்களூரு செல்லும் இருப்புப் பாதையை ஒட்டி அமைந்தது பாலக்கோடு வட்டம்.

மானாவாரி நிலமும் மாந்தோப்பும் கரும்பும் தக்காளியும் கலந்த இவ்வட்டாரத்தில் நடவும் களையெடுப்பும் பறிப்பும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பில் நடப்பவை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூடத் தமிழகத்திலேயே எழுத்தறிவு விகிதம் மிகக் குறைந்த மாவட்டமாகத் தருமபுரியே இருந்தது என்றால், அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சங்கத்தில் உறுப்பினராகிக் கணக்கு வழக்குப் பார்ப்பது என்பது இங்குள்ள பெண்களுக்கு எவ்வளவு எட்டாத செயலாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அப்போதே ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன. பெண்கள் சேரக் கூடாது என்று அவற்றின் விதிகள் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் கூட்ட நேரமும் கூடும் இடமும் பேச்சின் தோரணையும் ஆண்களின் வசதிக்கேற்ப அமைந்திருந்ததால், தடை விதிக்காமலேயே வாசல் அடைபட்டிருந்தது.

சுய உதவிக் குழு இந்த வடிவத்தையே மாற்றியது. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் மட்டும். எல்லோரும் ஒரே தெருவினர் அல்லது ஒரே குடியிருப்பினர். கூடும் நாளையும் நேரத்தையும் உறுப்பினர்களே தங்கள் வேலைக்கேற்ப முடிவு செய்துகொள்வர். கூட்டம் ஒருத்தியின் வீட்டுத் திண்ணையிலோ கோயில் முன்றிலிலோ நடக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் சிறு தொகையைச் சேமிப்பாகக் கட்டி, சேர்ந்த பணத்திலிருந்து தமக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வதற்கு உள்கடன் என்று பெயர். கூட்டத்தை நடத்தி, வரவு செலவு எழுதி, வங்கிக்குச் சென்று வருபவர் ஊக்குநர். அவருக்குத் துணை நிற்போர் பிரதிநிதிகள். பேசி முடித்தவை தீர்மான நோட்டில் ஏறும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதும், எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத குழுக்களில் பள்ளிக்கூடம் போகும் மகள் வந்து உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததும் அந்த நோட்டின் பொருட்டுத்தான். தகுதி முதலில், உறுப்புரிமை பிறகு என்று இல்லாமல், உள்ளே அமர்ந்த பின்னரே தகுதியைத் தேடிக்கொள்ளலாம் என்ற வரிசை மாற்றமே இத்திட்டத்தின் மிக நுட்பமான பகுதி. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சியைத் தொடங்கியதும், 1997இல் தமிழக அரசு மகளிர் திட்டம் என்ற பெயரில் இதை மாநிலமெங்கும் கொண்டுசென்றதும் பின்னர் நடந்தவை.

தருமபுரியில் குழுக்கள் உருவான அதே காலத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வேறொரு தடையைக் கண்டுகொண்டது. எழுத்தறிவிக்க முன்வந்த பெண் தொண்டர்கள் மாலையில் அடுத்த ஊருக்குப் போய்த் திரும்ப வழியில்லை. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதையே இயக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். பெண்களுக்கான சைக்கிள் போதாதபோது, ஆண்கள் சைக்கிளின் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று பெண்கள் அதையே விரும்பி ஓட்டியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். எந்த மேடைப் பேச்சும் தராத விடுதலையை ஒரு குறுக்குக் கம்பி தந்திருக்கிறது.

கட்டற்ற மென்பொருள், அதாவது நிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள், உலகெங்கும் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டதும் ஏறக்குறைய இதே ஆண்டுகளில்தான். அவ்வகையைச் சேர்ந்த லினக்ஸ் வெளிவந்தது 1991இல். எவரும் வரலாம் என்பது அதன் முழக்கம். எனினும், 2006இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று இக்குழுக்களில் பெண்கள் சுமார் 1.5 விழுக்காடே என்றும், ஊதியம் தரும் மென்பொருள் நிறுவனங்களில் அது சுமார் 28 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. ஆர்வமின்மையே காரணமென்றால் இரண்டு எண்களுக்கும் இடையே இத்தனை தொலைவு இருக்க நியாயமில்லை. 1990களின் இறுதியில் டெப் ரிச்சர்ட்சன் தொடங்கிய லினக்ஸ்சிக்ஸ் என்ற பெண்கள் குழு, மரியாதையாக இரு, உதவியாக இரு என்ற இரண்டே விதிகளைக் கொண்டிருந்தது. இவற்றை எழுதி வைக்க நேர்ந்ததே பிற குழுக்களின் பேச்சு எப்படி இருந்தது என்பதற்குப் போதிய சான்று.

இவ்வரலாற்றில் பாலக்கோட்டு அனுபவத்துக்கு மிக நெருங்கி வருவது குனோம் என்ற திரைமுகப்பு மென்பொருளைப் படைத்த சமூகத்தில் நடந்தது. 2006ஆம் ஆண்டு கூகுளின் கோடைக்கால மாணவர் திட்டத்தின்கீழ் குனோமுக்கு வந்த 181 விண்ணப்பங்களில் ஒன்றுகூடப் பெண்ணுடையதாக இல்லை. பெண்களுக்கென்றே உதவித்தொகையும் வழிகாட்டியும் அமைத்து அதே கோடையில் மறுபடி அழைத்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். சில வாரங்களுக்குள் உலகில் பெண் நிரலர்கள் புதிதாகத் தோன்றிவிடவில்லை. அழைப்பின் வடிவந்தான் மாறியிருந்தது. அவ்ட்ரீச்சி என்ற பெயரில் இன்று தொடரும் திட்டத்தின் வேர் இதுவே.

தமிழில் இவ்வகைக் குழுக்கள் மொழி என்ற கூடுதல் வாசலையும் கடக்க வேண்டியிருந்தது. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தது. அதன் மடலாடற்குழு பெரிதும் ஆங்கிலத்தில் இயங்கியது. ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவிலுள்ள பாலக்கோட்டிலிருந்து தமிழ்வழிப் பள்ளியில் படித்த ஒரு பெண் அங்கே போய்ச் சேர்வதை எந்த விதியும் தடுக்கவில்லை, பழைய கூட்டுறவுச் சங்கத்தைப் போலவே. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழும் இவ்வாசலை ஓரளவு திறந்தன. கணியத்தின் வழி எளிய தமிழில் நிரலாக்க நூல்களை வரிசையாக எழுதியவர்களுள் முதன்மையானவர் து. நித்யா என்ற பெண் எழுத்தாளர். 2017இல் பள்ளி ஆசிரியர்களுக்கு மாவட்ட அளவில் விக்கிப்பீடியாப் பயிற்சி அளிக்கப்பட்டது மற்றொரு முன்னேற்றம். பெண்கள் பெருமளவில் பணிபுரியும் துறைக்குள், தமிழிலேயே, சொந்த மாவட்டத்திலேயே அப்பயிற்சி நடந்தது.

சுய உதவிக் குழுவைக் குறையற்ற முன்மாதிரியாகக் கொள்வதும் பொருந்தாது. ஊக்குநரின் உழைப்பு பெரும்பாலும் கூலியில்லா உழைப்பாகவே கணக்கில் வந்தது. வங்கிக் கடன் பெருகப் பெருகச் சேமிப்பும் பேச்சும் பின்தள்ளப்பட்டு, குழு என்றாலே லோன் என்று பொருள்படும் நிலை பல ஊர்களில் உருவானது. மேலும் ஒரு தெருவின் அறிமுகத்தால் கிடைத்த பாதுகாப்பை முகமறியாத இணையத்துக்குப் பெயர்த்துக் கொண்டுபோக இயலாது. 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பெண்கள் அனுப்பிய நிரல் திருத்தங்கள் மொத்தத்தில் ஆண்களுடையவற்றைவிட அதிகமாகவே ஏற்கப்பட்டன. ஆனால் திட்டத்துக்குப் புதியவர்களாகவும் பெண் என்று அடையாளம் தெரிபவர்களாகவும் இருந்தவர்களுடைய திருத்தங்கள் ஏற்கப்படும் விகிதம் குறைந்தது. அறிமுகமில்லாத இடத்தில் பெயரே பாரமாகிவிடுகிறது.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, இந்தியப் பெண்களில் 33.3 விழுக்காட்டினரே எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் என்றும், ஆண்களில் அது 57.1 விழுக்காடு என்றும் பதிவு செய்தது. வீட்டின் ஒரே கைப்பேசி காலையில் வேலைக்குப் போகிறவரின் சட்டைப் பையில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பும் குடும்பங்களில், சோறு வடித்து முடித்த பிறகே அது பெண்ணின் கைக்கு வருகிறது. இணையவழிக் குழுக்களின் கூட்டங்களோ பெரும்பாலும் மாலை ஏழு மணிக்கு அறிவிக்கப்படுகின்றன.