காத்திருக்கும் செயலி

1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கி ஜப்பானிய விமானங்கள் வருவதை ராடார் முன்னரே காட்டியது. சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன் போர்விமானங்கள் எழுந்தன. கணினி நினைவகத்தின் வரலாற்றிலும் ராடாருக்கு இடமுண்டு.

போர்க்கால ராடார் ஆய்வில் பயன்பட்ட பாதரசக் குழாயே, 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு நினைவகமாயிற்று. எண்கள் அதனுள் ஒலித்துடிப்புகளாகச் சுற்றிவந்தன. வேண்டிய எண் வெளிவரும்வரை கணக்கிடும் பகுதி காத்திருந்தது. பிற்காலக் கணினிகளிலும் நீடித்த இக்காத்திருப்பைக் குறைக்க, எட்சாக் குழுவின் தலைவர் மாரிஸ் வில்க்ஸ், வேகமான சிறு இடைநினைவகம் பற்றி 1965இல் எழுதினார். இன்று மடிக்கணினிச் செயலிகளுக்குள்ளேயே அது அமைந்திருக்கிறது.

மகளின் படிப்புக்காகப் பழைய மடிக்கணினியொன்றைச் சீர்செய்யும் ஓர்ஸ் ஹில் நண்பர், "செயலி 2.4 கிகாஹெர்ட்ஸ், நினைவகமும் அதே வேகத்தில் வேண்டாமா?" என்று என்னிடம் கேட்டார். வேண்டியதில்லை என்றேன். அவ்வேக இடைவெளியைப் பெருமளவு ஈடுசெய்வது இடைநினைவகம். நாம் பார்க்க வேண்டியது, அக்கணினி ஏற்கும் நினைவகத்தின் வகையையும் உச்ச வேகத்தையுமே. அதனினும் வேகமானதைப் பொருத்தினாலும் அவ்வெல்லையைத் தாண்டாது. வேகம் வேறுபட்ட இரண்டைச் சேர்த்தால், பொதுவாக இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே இயங்கும். வேகத்துக்கென மிகையாகச் செலவிடும் பணத்தில் கொள்ளளவைக் கூட்டுவதே மேல்.