ஒரே அகராதிக்காரர், இரண்டு தீவுமொழிகள்

அந்தமானில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த எட்வர்ட் ஹொரேஸ் மேன் இரண்டு அகராதிகள் தொகுத்தார். நான்கவுரி வட்டார நிக்கோபாரி மொழி அகராதி 1889இல் வந்தது. தெற்கு அந்தமானின் ஆக்கா-பேயா மொழி அகராதி 1923இல் நூலானது. தொகுத்தவர் ஒருவரே. ஆனால் நிக்கோபாரி இன்றும் பேசப்படுகிறது. ஆக்கா-பேயாவைப் பேச ஒருவரும் இல்லை.

போனது எப்பேர்ப்பட்ட மொழி என்று பாருங்கள். 'பேரிங' என்றால் நல்லது. நாம் எழுத்துப் பட்டியலோடு நிறுத்திவிடும் ங, அங்கே அன்றாடச் சொல்லின் ஈற்றில் ஒலித்தது. அதன்முன் கைக்குரிய முன்னொட்டு சேர்ந்து 'உன்-பேரிங' ஆனால் கெட்டிக்காரர். கண்ணுக்குரியது சேர்ந்து 'இக்-பேரிங' ஆனால் கூர்பார்வை உடையவர். நாவுக்குரியது சேர்ந்து 'ஆக்கா-பேரிங' ஆனால் பன்மொழி வல்லவர். கைதேர்ந்தவர், நாவன்மை என்று பேசும் நமக்கு இது சட்டென்று பிடிபடும். நமக்கு அது சொல்வழக்கு. அவர்களுக்கோ இலக்கணத்தின் அடித்தளமே உடல்தான்.

1858இல் போர்ட் பிளேரில் கைதிக் குடியேற்றம் வந்தது. பின்னாலேயே தட்டம்மையும் மேகநோயும் வந்தன. ஆக்கா-பேயா பேசியோர் உட்படப் பத்துக் குழுக்களாக வாழ்ந்த பெரும் அந்தமானியரில் 1961 கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 19 பேர். மொழியியலாளர் அன்விதா அப்பி 2005இல் ஒலிப்பதிவுக் கருவியோடு போனபோது, கதை சொல்ல நாவ் ஜூனியரும் பாட்டுப் பாட போவா சீனியரும் இருந்தார்கள். அந்த முயற்சியில் 10 கதைகளும் 46 பாடல்களும் மிஞ்சின. அந்தப் பத்துக் குழுக்களில் இன்னொன்றின் மொழியான ஆக்கா-போ பேசிய கடைசி மனுஷி போவா. மறுமொழி சொல்ல ஆளில்லாததால் பறவைகளோடு பேசுவார். அவை தம் முன்னோர் என்று நம்பினார். 2010 ஜனவரி 26 அன்று காலமானார்.

கார் நிக்கோபாரில் நடந்தது வேறு. அங்கே பள்ளி நடத்திய வேதப்பன் சாலமன் என்ற தமிழரிடம் படித்த தீவுப்பையன் ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் படித்துவிட்டு ஊர் திரும்பி, ஆசிரியராகி, விவிலியத்தைத் தன் தாய்மொழிக்குக் கொண்டுவந்தார். பிறகு பிஷப்பும் ஆனார். எழுத்து மதத்தின் வழியே வந்ததால் பழைய சடங்குகள் சில மங்கின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் தாய்மொழியை எழுதிய கை அந்த ஊர்க்கை. 2011 கணக்கெடுப்பில் நிக்கோபாரி பேசுவோர் சுமார் 29,000.

நிக்கோபாரி பிழைத்ததற்கு அதைப் பேசுவோரின் ஆள்தொகை தப்பியது முதல் காரணம், மறுக்கவில்லை. அப்பியின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். அது இல்லாவிட்டால் போவாவின் குரலே நமக்கு இல்லை. ஆனால் கடைசி மூச்சில் எடுக்கும் பதிவு காப்பகத்துக்குப் போகிறது. பேசுவோர் இருக்கும்போதே அவர்கள் எழுதுவது பிள்ளைகளிடம் போகிறது.

சௌரா, தெரெசா தீவுகளின் மொழிகளும், பெரிய நிக்கோபாரின் ஷோம்பென் மொழியும் இன்னும் பேசப்படுகின்றன. சௌராவிலும் தெரெசாவிலும் ஒலிப்பதிவுக் கருவியை அந்தந்தத் தீவின் இளைஞர்களிடமே கொடுங்கள், சம்பளமும் கொடுங்கள். ஷோம்பென்களின் விஷயத்தில், அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டுச் செய்யுங்கள். எல்லாம் பாட்டிமார் இருக்கும்போதே நடக்கட்டும்.