20டபிள்யூ-40: ஒரு எண்ணின் சரித்திரம்

எந்த மெக்கானிக் ஷெட்டில் போய் நின்றாலும் பத்து நிமிடத்துக்குள் ஒரு தடவையாவது காதில் விழும் எண் இது. "ட்வென்டி ஃபார்ட்டி ஒரு லிட்டர் வாங்கிட்டு வா" என்று சின்னப் பையனை அனுப்புவார்கள். அவனும் வாங்கி வருவான். அந்த இருபது எதற்கு, நாற்பது எதற்கு, நடுவில் அந்த 'டபிள்யூ' எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் பதில்: "கெட்டியா இருந்தா இஞ்சினுக்கு நல்லது." இந்தப் பதில் பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்புப் பாதிக்குக் கொடுக்கப்பட்ட விலைதான் இந்தச் சரித்திரத்தின் சுவையான பகுதி.

முதலில் ஒரு விஷயம். அந்த எண் வெப்பநிலை அல்ல, சதவீதமும் அல்ல. வெறும் வகுப்பு எண். அதை வைத்தது எஸ்.ஏ.இ. எனப்படும் அமெரிக்க மோட்டார் பொறியாளர்கள் சங்கம் (1905-ல் தொடங்கியது).

எண்கள் வருவதற்கு முன் எண்ணெய் விற்பனை கிட்டத்தட்ட மளிகைக்கடை வியாபாரம்தான். இளசு, நடுத்தரம், கெட்டி என்று மூன்று தினுசு. ஒரு கம்பெனியின் 'இளசு' இன்னொரு கம்பெனியின் 'நடுத்தரமாக' இருக்கும். வாங்குபவருக்கு டின் மேல் இருக்கும் பெயர் ஒன்றுதான் உத்தரவாதம். அந்தக் காலத்தில் சார்லஸ் வேக்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் 1899-ல் ஆரம்பித்த எண்ணெய்க் கம்பெனி, 1909-ல் ஒரு புது எண்ணெய்க்கு 'காஸ்ட்ரால்' என்று பெயர் வைத்தது. காஸ்டர் ஆயில், அதாவது சாட்சாத் நம்ம விளக்கெண்ணெய், அதில் கலந்திருந்ததால் வந்த பெயர்! "போடா விளக்கெண்ணெய்" என்று திட்டுகிறவர்கள் கவனிக்கவும்: முதல் உலகப் போரில் சுழல் இஞ்சின் பொருத்திய போர் விமானங்கள் பறந்ததே அந்த எண்ணெயின் புண்ணியத்தில்தான். பெட்ரோலில் லேசில் கரையாது, சூட்டில் தாக்குப்பிடிக்கும். அந்த இஞ்சின்கள் எண்ணெயைப் புகையாக வெளியே கக்கும். அதைச் சுவாசித்த விமானிகளின் வயிறு என்ன பாடுபட்டது என்பது தனிக்கதை, இங்கே வேண்டாம்.

1926-ல் எஸ்.ஏ.இ. இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது. எண்ணெயை ஒரு சிறிய துளை வழியாக ஒழுகவிட்டு, குறிப்பிட்ட அளவு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது. அதை வைத்து 10, 20, 30, 40 என்று வகுப்பு பிரிப்பது. பள்ளிப் பாடத்தில் படித்த பாகுநிலைதான். எண் கூடினால் எண்ணெய் கெட்டி. அவ்வளவுதான் சூத்திரம். எண்ணெயின் தரத்தைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நாற்பது மார்க் எடுத்தவன் இருபது மார்க் எடுத்தவனை விடக் கெட்டிக்காரன் என்பது மாதிரி இதைப் புரிந்துகொண்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் எண்ணெய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சூடானால் தண்ணீராகும், குளிர்ந்தால் இறுகும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலம் வந்தால் இஞ்சின் சுற்றவே சுற்றாது. சிலர் ராத்திரி எண்ணெயை வடித்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, காலையில் அடுப்பில் சூடாக்கி ஊற்றுவார்கள். மண்ணெண்ணெய் கலந்து இளக்குவதும் உண்டு. அதனால் 1933-ல் 10டபிள்யூ, 20டபிள்யூ என்று இரண்டு புது வகுப்புகள் வந்தன. 'டபிள்யூ' என்றால் வின்டர், குளிர்காலம். பூஜ்யம் டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது மைனஸ் 18 செல்சியஸில், எண்ணெய் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும் எண். இதில் ஒரு வேடிக்கை, அந்தக் குளிரில் யாரும் நேரடியாக அளக்கவில்லை. வெதுவெதுப்பாக இருக்கும்போது ஓர் அளவு, கொதிநிலைக்குப் பக்கத்தில் ஓர் அளவு எடுத்து, வரைபடத்தில் கோடு இழுத்து, "குளிரில் இவ்வளவு இருக்கும்" என்று கணக்குப் போட்டார்கள். நேரில் பார்க்காமல் ஜாதகத்தை மட்டும் பார்த்துக் கல்யாணம் செய்வது போல.

அப்போதும் கார் வைத்திருப்பவருக்கு வருஷத்தில் இரண்டு எண்ணெய். குளிருக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. பருவம் மாறும்போது மாற்ற மறந்தால் போச்சு. இந்தத் தொல்லையைத் தீர்த்தது பாலிமர். எண்ணெயில் கரைத்த நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் குளிரில் சுருண்டு கிடக்கும். சூடானதும் விரிந்து எண்ணெய் ரொம்பவும் இளகிவிடாமல் தடுக்கும். 1950-களில் 10டபிள்யூ-30 போன்ற பல்தர எண்ணெய்கள் கடைக்கு வந்தன. குளிரில் பத்து மாதிரி, சூட்டில் முப்பது மாதிரி. ஒரே டின்னில் இரண்டு எண் வந்தது இப்படித்தான்.

ஆனால் சங்கிலி என்றால் அறுந்தும் போகும். 1959-ல் வந்த மினி காரில் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய். கியர் பற்கள் அந்தப் பாலிமரைக் கரும்பு மெஷினில் கொடுத்த மாதிரி அரைத்துவிடும். அந்தக் காருக்காகவே டக்ஹாம்ஸ் கம்பெனி 20டபிள்யூ-50 எண்ணெயைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அது ஒரு தலைமுறைக்கே பழக்கமாகிப் போனது. அமெரிக்காவிலோ வேறு விதமாக அடி விழுந்தது. 10-க்கும் 40-க்கும் இடையில் உள்ள தூரத்தை நிரப்பப் பாலிமரை அள்ளிப் போட்ட 10டபிள்யூ-40 எண்ணெய்களால் பிஸ்டன் ரிங்கில் படிவு சேர்கிறது என்ற புகார் எழுந்தது. 1980-களில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வகுப்பைத் தன் பெட்ரோல் கார்களுக்குப் பரிந்துரைப்பதை நிறுத்தியது.

இனி சூ ஃபால்ஸ் கதை.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கும் ஊர் அது. 1980-81 குளிர்காலத்தை ஒட்டி அங்கே பல கார் இஞ்சின்கள் செத்துப்போயின. பழைய ஓட்டை வண்டி என்றோ, மலிவான எண்ணெய் ஊற்றினார்கள் என்றோ சொல்ல முடியாத நிலை. ஊற்றியது எஸ்.ஏ.இ. விதிப்படி பாஸான எண்ணெய். இதற்குள் வரைபடக் கணக்கெல்லாம் போய், 1967 முதல் குளிரில் இஞ்சின் சுற்றுமா என்று நிஜமாகவே அளக்கும் கருவி வந்துவிட்டிருந்தது. அந்தச் சோதனையிலும் எண்ணெய் பாஸ். அதன்படியே சாவியைத் திருப்பியதும் இஞ்சின் ஜம்மென்று கிளம்பியது. அங்கேதான் வினை. கிளம்பாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கும்!

கீழே சம்ப்பில் இருந்த எண்ணெய் அல்வா மாதிரி உறைந்து கிடந்தது. பம்ப் உறிஞ்சியதும் வாய்க்குப் பக்கத்தில் இருந்த கொஞ்சம் எண்ணெய் மட்டும் உள்ளே போய், அந்த இடத்தில் ஒரு குழி விழுந்தது. சுற்றி இருந்த எண்ணெய் நகர்ந்து வந்து குழியை நிரப்பவில்லை. அதற்குப் பிறகு பம்ப் உறிஞ்சியது வெறும் காற்று. மேலே பேரிங்குகள் வறண்டு உரசித் தீய்ந்தன.

சோதனைச்சாலையில் ஏன் இது தெரியவில்லை? அங்கே எண்ணெயைச் சீக்கிரமாகக் குளிர வைத்தார்கள். ஊரிலோ குளிர் மெல்ல மெல்ல, ஒரு பகல் ஒரு இரவு தாண்டி, கொஞ்சம் ஏறி இறங்கி வந்தது. அப்படி நிதானமாக இறங்கும்போது எண்ணெயில் இருக்கும் மெழுகு பின்னிப் பின்னி வலை மாதிரி ஆகிவிடுகிறது. அவசரமாகக் குளிர வைத்தால் வலை பின்ன அதற்கு நேரமில்லை. பரீட்சை சரியாகத்தான் நடந்தது, கேள்வித்தாள்தான் தப்பு. அதன் பிறகு இரண்டு நாளுக்கு நெருக்கமாக மெதுவாகக் குளிர வைத்து, பம்ப் எண்ணெயை இழுக்குமா என்று பார்க்கும் சோதனை கட்டாயமானது. இன்று டின்னில் '5டபிள்யூ' என்று போட வேண்டுமானால் இரண்டு கண்டங்களைத் தாண்ட வேண்டும்: மைனஸ் 30-ல் இஞ்சின் சுற்ற வேண்டும், மைனஸ் 35-ல் பம்ப் இழுக்க வேண்டும். இரண்டாவது எல்லை ஐந்து டிகிரி கீழே வைக்கப்பட்டது காரணத்தோடுதான். கிளம்பிய இஞ்சினுக்கு எண்ணெய் கிடைத்தே தீர வேண்டும்.

குளிரின் கதை இது. அடுத்து வந்தது காசின் கதை.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அமெரிக்கா ஆடிப்போனது. 1975-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1978 மாடலில் கேலனுக்கு 18 மைல், 1985-ல் 27.5 மைல். குறைந்தால் அபராதம். அந்நாளைய கணக்கில் ஒவ்வொரு 0.1 மைலுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 5 டாலர். இந்த இடத்தில் வணிகவியல் மாணவனுக்குக் கை துறுதுறுக்கும் :-) பத்து லட்சம் கார் விற்கிற கம்பெனி 0.1 மைல் தவறவிட்டால் 50 லட்சம் டாலர் போச்சு. இஞ்சினை மாற்றி வடிவமைக்கக் கோடிக்கணக்கில் செலவு. எண்ணெயை 30-லிருந்து 20-க்கு இறக்கினால்? கிடைக்கும் மிச்சம் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு சதவீதத்துக்குள்தான் 0.1 மைல் இருக்கிறது! 2001 மாடல் வாக்கில் ஃபோர்டும் ஹோண்டாவும் அமெரிக்காவில் 5டபிள்யூ-20க்கு மாறின. சோதனையில் எதை ஊற்றினார்களோ அதையே வாங்குபவரும் ஊற்றச் சொல்ல வேண்டும் என்று அரசு பிடிவாதமாக இருந்தது. எண்ணெய் ஊற்றும் மூடியிலேயே 5டபிள்யூ-20 என்று அச்சடித்தது அதனால்தான்.

"அப்படியானால் இளசான எண்ணெய் எல்லாம் கம்பெனிக்காரன் ஏமாற்று வேலையா?" என்று கேட்பவர்கள் ஏராளம். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. இளசான எண்ணெய்க்கு ஏற்ப பேரிங் இடைவெளியையும் பம்ப்பையும் வடிவமைத்தால் ஆபத்தில்லை. ஆனால் உபயோகத்தைப் பொறுத்து எண் மாறும் என்பதற்கு அதே ஃபோர்டு சாட்சி. 2012 மஸ்டாங் ஜிடிக்கு 5டபிள்யூ-20. அதே இஞ்சின் குடும்பத்தில் பந்தயத் தடத்துக்காக வந்த பாஸ் 302-க்கு 5டபிள்யூ-50.

ஐரோப்பாவில் இன்னொரு நுணுக்கம். ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் மணிக்கணக்கில் முழு வேகம் ஓட்டுவார்கள். அதனால் 150 டிகிரி சூட்டில், அழுத்தி அரைபடும்போது எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று தனியாக அளக்கிறார்கள். எஸ்.ஏ.இ. கணக்கில் 30 வகுப்புக்குக் குறைந்தபட்சம் 2.9 போதும். ஐரோப்பாவின் ஏ3 வகுப்புக்கு 3.5 வேண்டும். ஆக, கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு 5டபிள்யூ-30 டின்களும் ஒன்றல்ல. ஏ5 என்று போட்ட டின்னை ஏ3 கேட்கும் இஞ்சினில் ஊற்றினால் எண் பொருந்தும், எண்ணெய் பொருந்தாது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காதவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சென்னையில் மைனஸ் 35 என்ன, பிளஸ் 15-க்குக் கீழே போவதே அபூர்வம். 20டபிள்யூ-40 இங்கே இத்தனை காலம் கோலோச்சியதற்கு அது ஒரு காரணம். அம்பாசிடர் காலத்து இஞ்சினுக்கு அது சரியான ஜோடியும்கூட. அப்படிப்பட்ட பழைய வண்டியில் "புதுசு, விலை அதிகம்" என்று 0டபிள்யூ-20 ஊற்றினால் எண்ணெய் அழுத்தம் குறையும், கசிவு கூடும். மறுபக்கம், 0டபிள்யூ-20க்காகக் கட்டிய புது இஞ்சினில் பாசத்தோடு 20டபிள்யூ-40 ஊற்றுவதும் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் மேல் பாகங்களுக்கு அது தாமதமாகப் போய்ச் சேரும். எண்ணெய் அழுத்தத்தால் வால்வு நேரத்தை மாற்றும் நுட்பமான பாகங்கள் தடுமாறும். மைலேஜும் விழும்.

எண்களோ இறங்கிக்கொண்டே வந்தன. 2013-ல் எஸ்.ஏ.இ. 16 என்ற வகுப்பைச் சேர்த்தது. 20-க்கு அடுத்து கீழே 15 என்று வைத்திருக்கலாம். ஆனால் 15டபிள்யூவோடு குழம்புவார்கள் என்று 16. 2015-ல் 12, 8. அமெரிக்காவில் 2018 மாடல் கேம்ரியின் நான்கு சிலிண்டர் இஞ்சினுக்கு டொயோட்டா எழுதிக்கொடுத்தது 0டபிள்யூ-16. 1926-ல் போட்ட ஏணியில் கீழ்ப்படி 10. அதற்கும் கீழே தோண்டி 8 வரை போயாகிவிட்டது. ஷெட்டில் மட்டும் இன்னும், "ட்வென்டி ஃபார்ட்டி ஒரு லிட்டர்!"